பன்னிரண்டுக்கும் பத்தொன்பதுக்கும் இடையே

4 மார்ச் 2025, செவ்வாய்

இன்று மூன்று மாணவர்கள். முதல் பெண்ணிடம் சிக்னல் போடச் சொன்னேன், வைப்பரைப் போட்டாள். கொளுத்தும் வெயிலில் அது காய்ந்த கண்ணாடியைத் தேய்த்துக் கீச்சிட்டது. தவறு பாதி என்னுடையது. அவளுடைய பெரியம்மா மகள் நிச்சயதார்த்தத்தை ஏன் நிறுத்தினாள் என்று அந்த நேரம் பார்த்து விசாரித்துக்கொண்டிருந்தேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில், சனி ஞாயிறு கல்யாண விருந்துகளில் மைக் பிடிப்பது உபதொழில். இருபத்தாறு வருடத்தில் இரண்டிலுமாக நான் வளர்த்துக்கொண்டது காது ஒன்றுதான். வயிறு தானாக வளர்ந்தது.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. மளிகைக் கடைக்காரர் கொடுத்த பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அகத்தா புள்ளியும் கோடுமாக வரைந்துகொண்டிருந்தாள். என் மனைவி கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். நாற்பது வயதில் பினாங்கில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். இப்போது நாற்பத்தேழு. டிசம்பர் 31-க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் கோப்பை மூடிவிடுவோம், இனி நீட்டிப்பு இல்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கடிதத்தைக் குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். தண்ணீர் குடிக்கப் போனால்கூடப் பயமாக இருக்கிறது.

நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

5 மார்ச், புதன்

சாம்பல் புதன். தவக்காலத்துக்கு வருடா வருடம் நான் இறைச்சியை விடுவேன். விட்ட துக்கத்தை ஆற்றக் கடலோரத்துத் தஞ்சோங் டாவாய் போய் இரண்டு ஆள் மீனைச் சாப்பிடுவேன். இந்த முறை கோயிலிலிருந்து திரும்பும்போது காரிலேயே அகத்தா சொன்னாள்: “கஷ்டமானத விடுங்க. வம்ப விடுங்க.”

நெற்றியில் சாம்பலோடு எப்படி மறுப்பது? நாற்பது நாள். சரி என்றுவிட்டேன். இறைச்சியைத் தின்றுகொண்டே இருந்திருக்கலாம்.

8 மார்ச், சனி

வம்பு இல்லாத மனிதனுக்குப் பொழுது போகாது. அதனால் ஏழு வருடத்தில் முதன்முறையாக மனைவியிடம், நீ என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு ஐந்து காப்பிக் கோப்பைகளை எடுத்து வட்டமாக வைத்தாள்.

பக்கத்துப் பக்கத்துக் கோப்பைகளுக்கு ஆகாது என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம். இரண்டையும் ஒன்றாக அழைக்க முடியாது. சண்டை வராமல் அதிகபட்சம் எத்தனை பேரைக் கூப்பிடலாம்? இது என் துறை. கல்யாண மண்டபத்தில் யாரை எந்த மேசையில் உட்கார வைப்பது என்று இருபது வருடமாகத் தலையைப் பிய்த்துக்கொள்பவன் நான். உடனே இரண்டு என்றேன். மூன்றாவது ஆள் யாராக இருந்தாலும் ஒருவனுக்குப் பக்கத்தில் போய் விழுவான். சரி என்றாள்.

பிறகு சொன்னாள்: கோப்பைகளை அணுவிடம் கேட்கும் ஐந்து கேள்விகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆம், இல்லை, இரண்டே பதில். பக்கத்துக் கேள்விகள் இரண்டை ஒன்றாகக் கேட்கலாம், ஆனால் இரண்டுக்கும் சேர்ந்து ‘ஆம்’ வராது. ஆயிரம் முறை, லட்சம் முறை கேட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் சராசரி எத்தனை ‘ஆம்’ என்று எடுத்து ஐந்தையும் கூட்டினால், பதில்கள் முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தால், இரண்டுக்கு மேல் போகவே கூடாது.

“போவுதா?” என்றேன்.

“ரெண்டு புள்ளி ரெண்டு மூணு ஆறு. ஐந்தோட வர்க்கமூலம். பரிசோதனையில பார்த்திருக்காங்க.”

நான் விடவில்லை. யாரோ பொய் சொல்கிறார்கள் என்றேன். எங்கள் வட்டாரத்துத் தேவகி அக்கா ஒரு ஆள் முன்னால் ஒன்றும் இன்னொரு ஆள் முன்னால் வேறொன்றும் சொல்வது மாதிரி இந்த அணுவும் ஆளுக்குத் தகுந்தபடி பேசுகிறது. அகத்தா இல்லை என்று தலையாட்டினாள்.

“பொய் சொல்லணும்னா உள்ள உண்மைன்னு ஒன்னு இருக்கணுங்க. எந்தக் கேள்வியோட சேர்த்துக் கேட்டாலும் மாறாத பதில்னு இங்க உள்ள ஒன்னும் கெடையாது. இருந்தா ரெண்டைத் தாண்ட முடியாது.”

எழுதும்போதே கை மெதுவாகிறது. என் பிழைப்பே உள்ளே ஒரு உண்மை இருக்கிறது, தோண்டினால் வரும் என்ற நம்பிக்கையில் ஓடுகிறது. இவள் ஐந்து கோப்பைகளை வைத்து, தோண்டினாலும் வராது, அங்கே இல்லை என்கிறாள்.

அதோடு நிறுத்தவில்லை. பக்கத்து இரண்டுக்கும் சேர்ந்து ‘ஆம்’ வராது என்ற விதியை மட்டும் பார்த்தால் இரண்டரை வரை போகலாமாம். ஆனால் இயற்கை போகாது. ஐந்தின் வர்க்கமூலத்தில் நின்றுவிடும். அந்த எல்லையைக் கணக்கிடும் முறையை நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்பு ஹங்கேரிக்காரர் ஒருவர் கண்டுபிடித்தாராம், செய்திகளைப் பிழையில்லாமல் அனுப்புவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது. அணுவைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. புள்ளியும் கோடும் மட்டும்.

அணுவுக்கு யார் போய்ச் சொன்னது, இங்கே நில் என்று?

கோப்பைகளைக் கழுவி வைத்தேன். ஐந்தையும் கொஞ்சம் மரியாதையாக.

12 மார்ச், புதன்

பாசாரில் மூன்று நல்ல செய்திகள் என்னைத் தேடி வந்தன. காதைப் பொத்திக்கொண்டு மீன் வாங்கினேன்.

15 மார்ச், சனி

அகத்தாவின் பெரிய படம் முடிந்தது. முப்பத்தோரு புள்ளிகள், நிறையக் கோடுகள். ஒவ்வொரு புள்ளிக்கும் எண். இந்த வகைப் படத்தில், கோப்பைக் கணக்கில் இரண்டைத் தாண்டி வந்தது போன்ற உபரி வரவே வராது என்று இருவர் எழுதி வைத்திருக்கிறார்களாம். ஒரே ஒரு படத்தில் வந்தாலும் அவர்கள் சொன்னது விழுந்துவிடும், ஆய்வேடு எழுந்துவிடும். அதைத்தான் ஏழு வருடமாகத் தேடுகிறாள்.

கோடுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். எங்கள் முறை இது: நான் தாளைப் பார்த்து இரண்டு எண்களைப் படித்து, பென்சிலால் கோட்டில் ஒரு டிக் போடுவேன். அவள் திரையைப் பார்த்தபடி தட்டுவாள். அலுப்பு தட்டாமல் இருக்க நான் புள்ளிகளுக்கு மனதுக்குள் பெயர் வைத்துக்கொள்கிறேன். கோடு என்றால் ஆகாது, அவ்வளவுதானே. 12 தேவகி அக்கா, நாங்கள் ஒரே எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள், இப்போது குடியிருக்கும் பாக்கார் ஆராங்கிலும் மூன்று தெரு தள்ளித்தான். 19 அவருடைய கொழுந்தனார் சுப்பிரமணியம் அண்ணன். ஒன்பது வருடத்துக்கு முன் அக்கா மகள் கல்யாணத்தில் மணப்பெண் வந்த காருக்குக் குறுக்கே தன் கெரேத்தாவை நிறுத்திவிட்டு அண்ணன் சாப்பிடப் போய்விட்டார். மைக்கில் பதினேழு முறை வண்டி எண்ணை அறிவித்தேன். முகூர்த்தம் தாண்டியது. அன்றிலிருந்து பேச்சு இல்லை. தாளைப் பார்த்தால் 12-க்கும் 19-க்கும் நடுவே ஒரு கோடு! கணிதத்துக்கே விஷயம் தெரிந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன்.

இப்போது பாவத்தை எழுதிவிடுகிறேன். காலையிலேயே தேவகி அக்காவிடமிருந்து பதினோரு நிமிடக் குரல்செய்தி வந்திருந்தது. வம்பு பேசமாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன். கேட்கமாட்டேன் என்று சொல்லவில்லையே? அகத்தா இல்லாத பக்கத்துக் காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு, எண்களைப் படித்துக்கொண்டே கேட்டேன்.

ஏழாவது நிமிடத்தில் இருக்கிறது குண்டு. சுப்பிரமணியம் அண்ணன் அக்கா வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, நாலு தோசை சாப்பிட்டிருக்கிறார். ஒன்பது வருடம்! எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அகத்தா “அப்புறம்?” என்றாள். அடுத்த எண்ணைப் படித்தேன்.

இதை யாரிடமும் சொல்ல முடியாது. ஈஸ்டருக்கு இன்னும் முப்பத்தாறு நாள்.

16 மார்ச், ஞாயிறு

வந்துவிட்டது.

பதில்கள் முன்பே எழுதி வைக்கப்பட்ட சாதாரண உலகத்துக்கு அதிகபட்சம் ஒன்பது. கணினி காட்டிய எண் 9.118. அகத்தா வாயைப் பொத்திக்கொண்டாள். தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் துக்கடா எண்ணை நானும் குனிந்து பார்த்தேன். அவ்வளவு சின்ன இடுக்கு வழியாக வேறொரு உலகம் எட்டிப் பார்க்கிறது. அதைப் பார்த்த முதல் இரண்டு பேர் சுங்கைப் பட்டாணியில் ஒரு வரிசை வீட்டில், ஒருவர் கைலியோடு.

19 மார்ச், புதன்

அவளுடைய பேராசிரியர் ஹாஸ்லினாவுக்குக் கணினிக் கோப்பை அனுப்பினாள். அவரும் ஓட்டிப் பார்த்து அதே எண் வருகிறது என்று சொல்லிவிட்டார். ஏப்ரல் 9-ஆம் தேதி பினாங்கில் துறைக்கு முன்னால் பேச ஏற்பாடு. சிங்கப்பூரிலிருந்துகூட ஒருவர் வருகிறாராம். அகத்தா சமைக்கும்போது பாடுகிறாள். பாட்டு நன்றாக இல்லை. நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

22 மார்ச், சனி

உபரி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டாளாம். முப்பத்தொன்றுக்கு நடுவே ஐந்து புள்ளிகள் வட்டம் கட்டி நிற்கின்றன, நம் கோப்பைகள் மாதிரியே. அட்டையில் பெரிதாக வரைந்து காட்டினாள்: 12, 5, 19, 26, 8, மறுபடி 12.

“உள்ள குறுக்க ஒரு கோடும் இல்ல பாருங்க. ஒன்னு விழுந்தாக்கூட எல்லாம் போச்சு. ரெண்டுல வந்து நின்னுடும்.”

12-ஐயும் 19-ஐயும் பார்த்தேன். நடுவே கோடு இல்லை. அடடே, சமாதானம் ஆனது இங்கேயும் தெரிந்துவிட்டதா என்று சிரிக்க வாயைத் திறந்தேன்.

திறந்த வாய் மூடவில்லை.

தேவகி அக்கா தோசை சுட்டது இந்த அட்டைக்கு எப்படித் தெரியும்? அன்று தாளில் கோடு இருந்ததே.

அவள் குளிக்கப் போனதும் நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த காலண்டர் சுருளை எடுத்தேன். கோடு இருக்கிறது. தடித்த கோடு. அதன்மேல் என் டிக். டிக் போட்டிருக்கேன், வாய் சொல்லல. தாளில் உள்ள கோடுகளை எண்ணினேன், தொண்ணூற்றேழு. அவள் கோப்பில் தொண்ணூற்றாறு என்று எழுதியிருக்கிறது.

பேராசிரியர் சரிபார்த்தது கணினிக் கோப்பைத்தான். தாளை அல்ல. இது உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

23 மார்ச், ஞாயிறு

சொல்லவில்லை.

25 மார்ச், செவ்வாய்

மாணவி கேட்டாள், அங்கிள் ஏன் இன்னைக்கு ஒன்னுமே பேசல, ஒடம்பு சரியில்லையா லா என்று. ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லக்கூடியவன், என் வீட்டு விஷயம் ஒன்றை வைத்துக்கொண்டு விழிக்கிறேன். அகத்தா பினாங்குக்குக் கட்டப் புதுப் புடவை எடுத்திருக்கிறாள். பச்சை. நல்லா இருக்கா என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றேன். அது மட்டும் உண்மை.

யாருக்கும் தெரியப் போவதில்லையே? ஒரு கோடுதானே? இல்லை. எங்கெங்கே கோடு வரும் என்று அவள் எழுதிய விதியை வைத்து யாராவது படத்தைத் திரும்ப வரைவார்கள். அந்தச் சிங்கப்பூர் ஆளே செய்வார். எல்லார் முன்னாலும் இவள் பச்சைப் புடவையில் நிற்பாள்.

அப்போ சொல்லித் தொலையேன்டா.

28 மார்ச், வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். ஃபாதரிடம் சொன்னால் கணக்கு தீர்ந்துவிடும் என்று ஒரு கள்ளத்தனம். புள்ளி, கோடு, இயர்ஃபோன் எல்லாம் சொன்னேன். கணிதம் தனக்கு எட்டவில்லை, ஆனால் நான் தவறான வரிசையில் நிற்கிறேன் என்றார் ஃபாதர். இதைச் சொல்ல வேண்டிய ஆள் வீட்டில் இருக்கிறாராம்.

29 மார்ச், சனி

மத்தியானம் சொன்னேன். அவள் பேசப்போகும் படங்களைத் திரையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அகத்தா, பன்னெண்டு பத்தொன்பது.”

“என்ன பன்னெண்டு பத்தொன்பது?”

“தாள்ல கோடு இருக்கு. நான் படிக்கல.”

சுருளை விரித்தாள். விரலை வைத்துத் தேடினாள். “டிக் போட்டிருக்கீங்களே.”

“போட்டேன். சொல்லல.”

“ஏன்?”

களைப்பு என்று சொல்லியிருக்கலாம். “தேவகி அக்கா பேசிக்கிட்டு இருந்தாங்க. காதுல. கொழுந்தனாரு வந்து தோச சாப்பிட்ட கத.”

அவள் அந்த இரண்டு எண்களைத் தட்டினாள். கணினி ஓடியது. ஒன்பது. புள்ளிக்குப் பிறகு பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஒரு கோடு போட்டதும் அந்த இடுக்கு அப்படியே அடைத்துக்கொண்டது. இவ்வளவு வெட்கத்திலும் அதைப் பார்க்க எனக்கு மெய் சிலிர்த்தது. சொன்னால் அடிப்பாள்.

“எத்தன நாளாத் தெரியும்?”

“ஒரு வாரம்.”

மடிக்கணினியை மூடினாள். “ஊருக்கே சொல்ற ஆளு நீங்க,” என்றாள். “என்கிட்ட மட்டும் ஒரு வாரமா?”

31 மார்ச், திங்கள்

ஹரி ராயா, நோன்புப் பெருநாள். எதிர்வீட்டிலிருந்து ரெண்டாங் கறி வந்தது. இரண்டு பேரும் இரண்டு நேரத்தில் சாப்பிட்டோம்.

2 ஏப்ரல், புதன்

பேராசிரியருக்கு இன்று போன் செய்தாள். நான் சமையலறையில் நின்று கேட்டேன். மலாயில் பேசினாள். தரவு ஏற்றும்போது ஒரு கோடு விட்டுப்போய்விட்டது, தான் சரிபார்த்திருக்க வேண்டும், தன் தவறு என்றாள். தன் தவறு என்று மூன்று முறை. என் பெயர் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒன்பதாம் தேதி வேறு யாருக்கோ போய்விட்டது.

12 ஏப்ரல், சனி

அவள் தூங்கவில்லை, அழவும் இல்லை. வரைகிறாள். தொண்ணூற்றேழு கோடுகளிலும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கிறாள். எதை எடுத்தால் இடுக்கு திறக்கிறது, எதை எடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. தொண்ணூற்று மூன்றை எடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. நான்கில் மட்டும் திறக்கிறது. தொண்ணூற்றேழில் போயும் போயும் அந்த நான்கில் ஒன்றைப் பார்த்துத் தவறவிட்டிருக்கிறேன். இதற்கும் ஒரு திறமை வேண்டும்.

இதை அவளே சொன்னாள், சுவரைப் பார்த்தபடி. இருந்தாலும் என்னிடம்தான் சொன்னாள்.

20 ஏப்ரல், ஞாயிறு

ஈஸ்டர். வம்புக்கு விடுதலை. மனம் போகவில்லை. குரல்செய்திக்குப் பதில் போடாததால் தேவகி அக்காவே பலகாரத்தோடு வந்துவிட்டார். அகத்தா அவருக்குக் காப்பி ஊற்றும்போது கேட்டாள்: “அக்கா, கொழுந்தனாரோட ராசியாயிட்டீங்களாமே?”

“யாரு சொன்னா ராசின்னு?” என்றார் அக்கா. “கார நிப்பாட்டுனாரே, அந்தச் சுப்பிரமணியத்தோட சாவுற வரைக்கும் பேச மாட்டேன். எங்க வூட்டுக்காரர ஆஸ்பத்திரியில தூக்கி ஒக்கார வெச்சாரே, அந்தாளுக்குத்தான் தோச சுட்டேன். ரெண்டும் வேற வேற ஆளு, தெரியுமா?”

காப்பி கோப்பையைத் தாண்டித் தட்டில் வழிந்தது. அகத்தா ஊற்றிக்கொண்டே நின்றாள்.

10 மே, சனி

கோட்டை எடுக்க முடியாது, எடுத்தால் அது அந்த வகைப் படமே இல்லை. ஆனால் புள்ளியைப் பிரிக்கலாம். 19 என்று ஒன்றாக இருந்ததை இரண்டாக்கினால், 12-க்கு ஒன்றோடுதான் ஆகாது, மற்றதோடு பிரச்சினை இல்லை. மற்ற மூன்று கோடுகளுக்கும் இதே வழி போதாதாம். இன்னும் இரண்டு புள்ளிகள் சேர்க்க வேண்டும், அப்படிச் செய்தும் அந்த வகைப் படமாகவே இருக்க வேண்டும். மூன்று வாரமாக இதுதான் வேலை.

தேவகி அக்காவின் பெயரை நன்றியுரையில் போடுவாயா என்று கேட்டேன். தோசைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தான் முன்பே யோசித்ததுதான் என்றாள். அவள் காது சிவந்துவிட்டது.

7 ஜூன், சனி

படம் முடிந்ததாம். முப்பத்துநான்கு புள்ளிகள். அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை, பேராசிரியரிடம்கூட. மாணவர் விடைத்தாள்களைத் திருத்துகிறாள். ஒரு வாரம் அது சும்மா கிடக்கட்டும் என்கிறாள்.

14 ஜூன், சனி

காலையில் மேசையைத் துடைத்தாள். தாளை விரித்தாள். கல்லூரியில் உதவிக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களில் யாரையாவது அழைப்பாள் என்று நினைத்து வெளியே கிளம்பிக்கொண்டிருந்தேன்.

“எங்க கெளம்பிட்டீங்க?” என்றாள். பென்சிலை நீட்டினாள். “படிங்க.”

நூற்றுப் பன்னிரண்டு கோடுகள். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன், ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொன்னாள், பிறகுதான் டிக். மூன்று மணி நேரம். வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள், இருவரும் திரும்பவில்லை.

கணினி இருபது நிமிடம் ஓடியது. எண் வந்தது. நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள். இந்தப் படத்தில் சாதாரண உலகத்துக்கு அதிகபட்சம் பத்து. எண் பத்தோடு நிற்கவில்லை, தாண்டியிருந்தது.

அவள் சிரிக்கவில்லை. அந்தக் கணினிக் கோப்பையே அழித்துவிட்டு, வெற்றுத் திரைக்கு முன் உட்கார்ந்தாள்.

“மொதல்லேர்ந்து,” என்றாள்.

பழைய டிக்குகளின் மேல் குறுக்கே இன்னொரு கோடு போட்டுக்கொண்டு, முதலிலிருந்து படித்தேன். நூற்றுப் பன்னிரண்டும். குரல் கட்டிவிட்டது. மாலை வெயில் மேசைக்கு வந்துவிட்டது.

மறுபடியும் அதே எண்.

அகத்தா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மேசையில் இரண்டு தட்டு வைத்தாள்.

இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.